இரும்பு எஞ்சினின் ஊர்

பழைய புல்லட்டின் கிராங்கைச் சரிபார்ப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் வடசென்னைக்குத்தான் போக வேண்டும். திருவொற்றியூரில், தியாகராஜர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அதை நடத்துகிற பெரியவர் எழுபதைக் கடந்தவர். பக்கத்திலிருந்த என்ஃபீல்டு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, எஞ்சின் அசெம்பிளியிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவரிடம் வருவதெல்லாம் இரும்பு சிலிண்டர் வைத்த பழைய வண்டிகள்தான்.

நான் போனபோது ஒரு கிராங்க் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. கனத்த இரண்டு இரும்புச் சக்கரங்கள். நடுவே கிராங்க் பின், அதில் கனெக்டிங் ராடு. இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். தலைமுடிப் பருமனுக்குக் குறைவான கோணல் இருந்தாலும் வண்டி அதிரும், பேரிங் சீக்கிரம் போய்விடும். பெரியவர் கையால் மெல்லச் சுழற்றினார். டயல் கேஜின் முள் ஓரிடத்தில் துள்ளியது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. செப்புச் சுத்தியலால் ஒரே அடி. மறுபடி சுழற்றல், மறுபடி அடி. எவ்வளவு பலமாக அடிப்பது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“முள்ளு எவ்ளோ நகருதோ அதப் பாத்து கை தானா அடிக்கும் தம்பி. ஆரம்பத்துல எனக்கும் வரல. ஃபோர்மேன் பக்கத்துலயே நின்னு பாப்பாரு. மூணு மாசம் சுத்தியல எடுக்கவே வுடல, பாக்கத்தான் சொன்னாரு.”

இந்தக் கைப்பழக்கம் திருவொற்றியூருக்கு வந்தது 1955க்குப் பிறகு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு, 1932இல் ‘புல்லட்’ என்ற பெயரைச் சூட்டியது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வலுவான வண்டி தேவைப்பட்டது. தேர்வானது 350 சிசி புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் உதிரிகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே என்னை மிகவும் ஈர்க்கிற பகுதி. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. சொல்லிக்கொடுத்தவர்கள் கடையை மூடிய பிறகும் கற்றுக்கொண்டவர்கள் அதே எஞ்சினை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1977இல் புல்லட் இங்கிருந்து கப்பலேறி, தான் பிறந்த நாட்டுக்கே விற்பனைக்குப் போனது. இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயர் உயிரோடு இருப்பதற்கு விளம்பரக்காரர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் வடசென்னையில் ஷிஃப்டுக்குப் போன தொழிலாளிகள்தான் முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பட்டறையில் சிறுவயது மெக்கானிக் ஒருவர் டேப்பெட் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு எஞ்சினில் இதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிற்க வேண்டும். புஷ் ராடை விரல்களால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் முழுவதும் விரல் நுனியில்தான். “காபி பொடிய தொட்டுப் பாத்து அரைப்பு சொல்ற மாதிரி சார்” என்றார் அவர்.

கிக்கரும் இப்படித்தான். பலசாலிகள்தான் புல்லட்டை உதைத்துக் கிளப்ப முடியும் என்பது வெறும் பேச்சு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். அது நடுவுக்குத் திரும்பும் கணம் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு ஒரே உதை. பெரியவர் செய்து காட்டினார். வண்டி முதல் உதையிலேயே பேசியது.

பட்டறையின் மறுகோடியில் ஒரு பெயிண்டர் டேங்கில் தங்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நீள மயிர் பிரஷ், எனாமல் பெயிண்ட், டேப் எதுவும் ஒட்டவில்லை. சுண்டுவிரல் டேங்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே நகர, வளைவு முடியும்வரை மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. ஆலையிலும் இந்தக் கோட்டைக் கையால்தான் வரைந்து வந்தார்கள். ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் அதில் பெயர் பெற்றவர்கள்.

நல்ல காலம் எப்போதும் இருக்கவில்லை. 1980களில் ஓசூரிலிருந்து இந்த் சுசுகியும், வடக்கே ஹீரோ ஹோண்டாவும் 100 சிசி வண்டிகளைக் கொண்டுவந்தன. பெட்ரோல் குறைவு, ஆயில் ஒழுகாது, பெண்களும் எளிதாகக் கிளப்பலாம். புல்லட் ராணுவமும் போலீஸும் வாங்கும் வண்டியாகச் சுருங்கியது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2000களின் இறுதியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அடங்கிய புதிய அலுமினிய எஞ்சின் வந்து, இரும்பு எஞ்சினுக்கு விடைகொடுத்தது. 2013இல் ஒரகடத்தில் பெரிய ஆலை, பிறகு வல்லம் வடகாலில் இன்னொன்று. புதிய எஞ்சின் நல்ல எஞ்சின்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாலையில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இரும்பு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

“யார் கத்துக்க வர்றாங்க?” என்று பெரியவரிடம் கேட்டேன். சிறுவயது மெக்கானிக்கைக் காட்டினார். “இவன் ஒருத்தன். ஐடிஐ முடிச்சிட்டு வந்தான். சம்பளம் அதிகம் குடுக்க என்னால முடியல.”

அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதை உங்கள் கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். வடசென்னையின் ஐடிஐக்கள் இவர்களில் சிலரை அழைத்து, மாணவர்கள் முன்னால் ஒரு கிராங்கைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.