கண்ணைப் பார்த்துப் பேசாதவள்

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 39. அதுவரைக்கும் எனக்கு வேறு பேர்கள் இருந்தன. கூறுகெட்டவ, அரைலூசு, ஊமைக்கோட்டான், திமிர் புடிச்சவ. இதில் முதல் மூன்றும் எங்க தெரு வைத்த பேர்கள். கடைசிப் பேர் ஊர் வைத்தது. ஆளும் ஒன்றுதான், நடத்தையும் ஒன்றுதான், தெரு மாறினால் பேர் மாறிவிடும். சேரியில் நான் விவரம் பத்தாதவள். ஊருக்குள் காலை வைத்தால் 'எகத்தாளம் புடிச்ச கழுதை'. இந்த வித்தியாசத்தை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கடமலைக்குண்டு, வருசநாட்டு மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. மூல வைகை எங்களைத் தாண்டித்தான் வைகை அணைக்குப் போகிறது. தென்னை, இலவு, முந்திரி, அவரை என்று மண்ணுக்குக் குறைச்சலில்லை. எங்க ஆளுகளுக்குத்தான் அதில் ஒரு குழி கிடையாது. அப்பா தேங்காய் உரிக்கப் போவார். அம்மா கிடைத்த வேலைக்குப் போகும். இலவங்காய் உடைக்கிற காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு போகும். பஞ்சு பறந்து வந்து கழுத்திலும் உதட்டிலும் ஒட்டும். மற்ற பிள்ளைகள் தும்மிக்கொண்டே சிரிப்பார்கள். எனக்கு உடம்பு பூராவும் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போட்டது போட்டபடி ஆத்துக்கு ஓடி மணலில் புரளுவேன். ஈர மணல் பட்டால்தான் உடம்பு அடங்கும். திரும்பி வந்தால் அரைக்கூலி. 'ஒம்மக நெளியிறாளே, அவ என்ன மகாராணியா?' என்று அம்மாவைத்தான் கேட்பார்கள். கூலிக்காரி உடம்புக்கு எதுவும் உறுத்தக்கூடாது. உறுத்தினால் அது திமிர்.

ஆனால் எண்ணுவது எனக்குச் சுலபம். குவித்துக் கிடக்கிற தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தால் மனசு அமைதியாகிவிடும். ஒருநாள் அப்பா உரித்த காயைத் தோட்டக்காரர் கணக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று எண்ணியிருந்தேன். 'நாப்பது காயக் கொறச்சுச் சொல்றீக' என்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதிர்த்துப் பேசவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. கணக்கு தப்பு, அதைச் சொன்னேன். அவ்வளவுதான். அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, 'வெவரம் பத்தாத பிள்ள சாமி' என்று கும்பிட்டார். அந்தத் தோட்டத்தில் பதினைந்து நாள் அவருக்கு வேலை இல்லை. நாப்பது காயும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது. தீண்டாமை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்காது. டீக்கடையில் எந்தக் கிளாஸ் நமக்கு, எங்கே நிற்க வேண்டும், எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, தாமாகவே உடம்பில் ஏற்றிக்கொள்ளும். எனக்கு முகத்தைப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். அம்மா சொன்னது: 'அந்த வரிசைக் கிளாசு நமக்கில்ல. குடிச்சிட்டு நாமளே கழுவி வைக்கணும். பெஞ்சுல உக்காரக் கூடாது. அந்த வீட்டுப் பையன சின்ன மொதலாளின்னு கூப்புடு.'

'அவன் என்னையவிடச் சின்னவந்தான?'

'ஆமா.'

'பெறகு ஏன் மொதலாளி?'

அம்மாவிடம் பதில் இல்லை. 'ஏன்னு கேக்காத, சொன்னதச் செய்யி' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சாதி சொல்லாமல் நடக்கிறவரைக்கும்தான் இயற்கை மாதிரித் தெரியும். என்னை மாதிரி ஒருத்திக்கு அதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தால், சொல்லுகிற வாய்க்கே கூசும். எங்கம்மாவுக்குக் கூசியது. நான் பார்த்தேன்.

அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குத் தானாகவே வந்தது. 'பெரியாளுக முகத்தப் பாத்துப் பேசாத, தலையக் குனிஞ்சு பேசு.' எனக்கு யார் கண்ணையும் பார்த்துப் பேச வராது. பார்த்தால் அவர்கள் பேசுவது காதில் ஏறாது. ஆகவே அந்த ஒரு விஷயத்தில் நான் ஊருக்கு 'அடக்கமான பிள்ளை' ஆகிவிட்டேன். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. அதில் முதல் கேள்வியே கண்ணைப் பார்ப்பது பற்றியது. தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வளர்த்த ஒரு சனத்தில், எந்தப் பிள்ளை பயத்தால் பார்க்கவில்லை, எந்தப் பிள்ளை ஆட்டிசத்தால் பார்க்கவில்லை என்று யார் பிரித்துச் சொல்வது? சாதி எங்களை அடிமையாக மட்டும் வைக்கவில்லை. எங்கள் நோவையும் எங்கள் வித்தியாசத்தையும் பார்க்க முடியாமல் மூடி வைத்துவிட்டது.

இது இங்கே மட்டும் நடக்கிற கதை இல்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற பேர் பரவியது அதற்குப் பிறகுதான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். உடனே இது படித்தவர்கள் வீட்டுச் சங்கதி என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. அவரைத் தேடிப்போக வசதியும் விவரமும் உள்ளவர்கள்தானே போயிருப்பார்கள்! 2002-இல் பிலடெல்பியாவில் ஏழைகளுக்கான மருத்துவ உதவி வாங்கும் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வெள்ளைப் பிள்ளைக்குச் சராசரி 6.3 வயதில் ஆட்டிசம் என்று கண்டுபிடித்தார்கள். கறுப்புப் பிள்ளைக்கு 7.9 வயதில். கறுப்புப் பிள்ளைகளின் கணக்கு வெள்ளைப் பிள்ளைகளின் கணக்கைத் தாண்டியதாக அந்த நாட்டு அரசு அறிக்கை சொன்னது 2023-இல்தான். நோய் புதிதாகத் தொற்றவில்லை. பார்க்கிற கண் அவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கண் என் மகன் மூலமாக வந்தது. அவன் வகுப்பில் உட்காரமாட்டான், மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கு வந்த சிறப்பாசிரியை பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னார். முதலில் போன மருத்துவமனையில் ஒரு அம்மா ஊர், தெரு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, 'ஒங்க பக்கத்துல பிள்ளைகளக் கவனிக்கிறதே இல்ல, அதான் இப்புடி' என்றது. தாய் மேல் பழி போடுவது பழைய பழக்கம். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று ஒரு புத்தகமே எழுதினார். அது தப்பு என்று எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் எங்களிடம் சொல்லும்போது மட்டும் தாயோடு சேர்த்துத் தெருவையும் சொல்கிறார்கள்.

இரண்டாவது டாக்டர் வேறு மாதிரி. பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், நான் சொன்ன பதில்களை எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு, 'நீங்க சின்ன வயசுல எப்படிம்மா?' என்றார். சொன்னேன். இரண்டு மணி நேரம் சொன்னேன். நாலு தடவை போன பிறகு, எனக்கு ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது என்றார். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்று டாக்டர்கள் பார்க்கிற அமெரிக்கக் கையேடு ஒத்துக்கொண்டதே 2013-இல்தானாம். அதற்கு முன்னால் ஒன்று இருந்தால் மற்றது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன. ஆட்டிசம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பேர் வந்தது. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக உட்கார்ந்தது. அரசு வேலையில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாரும் சேர்ந்து பங்கு போடுவது 1 சதவீதம். அதற்கும் 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் இல்லவே இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்க நாய் படாத பாடு பட்ட சனத்துக்கு இது புரியும். நாம் யார் என்று நமக்குத் தெரிந்தால் போதாது, முத்திரை குத்தித் தரவேண்டும்.

கல்யாணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம்மிடம் வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கேட்காதவள் மனுஷியே இல்லை. எனக்கு ஆள் வந்தால் முதலில் சத்தம்தான் வரும், செருப்புச் சத்தம், வளையல் சத்தம், அத்தனையும் ஓய்ந்த பிறகுதான் ஆள் தெரிவார். அதற்குள் அவர்கள் கோவித்துக்கொண்டிருப்பார்கள். என் மாமியார் அஞ்சு வருசம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் தேங்காய் லோடு ஏற்றுகிறவர், ராத்திரி அசதியாக வந்து ஆசையாக ஏதாவது சொல்லுவார். நான் பதில் சொல்லாமல் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருப்பேன். 'எம்மேல ஒனக்குப் பிரியமே இல்லடி' என்று ஒருநாள் அழுதுவிட்டார். டாக்டர் சொன்னதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். கதவில் நீலத் துண்டு தொங்கினால் எனக்கு அன்றைக்குப் பேச்சு வராது, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். துண்டு இல்லையென்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அத்தைக்கும் சொன்னார். அத்தை கேட்டுவிட்டு, 'இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா நானும் பேசியிருப்பேன்ல' என்றது. இப்போது அத்தை வாசலிலேயே நின்று, 'ஏத்தா, நாந்தான் வந்துருக்கேன்' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

நம் இயக்கத் தோழர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். ஏப்ரல் 14 கூட்டத்துக்கு நான் வருவேன். ஒலிபெருக்கியும் பறையும் ஒன்றாகச் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நிற்பேன். பறை நம் விடுதலைக் கலை என்று எனக்கும் தெரியும். எங்கள் தாத்தா அடித்ததுதான். காதைப் பொத்துவதால் அதை இழிவு என்று நினைக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. 'படிச்சதும் நம்ம சனத்தோட ஒட்ட மாட்டேங்குறீங்க தோழர்' என்று ஒருவர் சொன்னார். ஊர் சொன்ன திமிரைத்தான் அவரும் வேறு வார்த்தையில் சொன்னார். ஓரமாக ஒரு நாற்காலி, பேச வராதவர்கள் எழுதிக் கொடுக்க ஒரு தாள், இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன வருசம் ஒரு டீக்கடையில் எங்களுக்குப் பேப்பர் கப்பிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாசிலும் டீ வந்தது. என் மகன் சத்தமாக, 'ஏம்மா நமக்கு மட்டும் கப்பு?' என்றான். கடை அமைதியாகிவிட்டது. 'கேக்காத' என்று நான் சொல்லவில்லை. 'அவர்கிட்டயே கேளு' என்றேன். கேட்டான். கடைக்காரர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இரண்டு கிளாஸ் கழுவினார். எங்கம்மாவுக்கு அன்றைக்கு முடியாதது இவனுக்குக் கொஞ்சம் முடிகிறது. அதற்கு இயக்கம் காரணம். அதனால்தான் இயக்கத்திடம் உரிமையோடு கேட்கிறேன்.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். என் மதி இறுகவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துப் பிழைக்கிறேன். மனுசர்களைவிட விண்ணப்பப் படிவம் எனக்கு லேசு. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். நம் தெருக்களில் கூறுகெட்டது, லூசு என்று ஒதுக்கி வைத்திருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெரியவர்களும் இருக்கிறார்கள். பகுதிக்கு ஒரு தோழர் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, 'சின்ன வயசுல எப்படி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை நான் காசு வாங்காமல் டைப் அடித்துத் தருகிறேன்.