சித்தருக்கு மலச்சிக்கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மலச்சிக்கல் பற்றிய பதிவு. டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு வரவும். போன பதிவில் நியூட்ரினோ பற்றி எழுதி, வகுப்பில் மூன்று பேர் மட்டும் படித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இது அப்படியில்லை. இதில் ஒரு உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, என் முட்டாள்தனமும்தான்.

ஆம்பூரில் என் சித்தி வீடு. சித்தப்பாவுக்கு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. தம்பி எட்டாவது படிக்கிறான். ஊரில் மற்ற பையன்கள் லவ் பேர்ட்ஸ், மீன் என்று வளர்க்க, இவன் ஆறு மாதம் அடம்பிடித்து ஒரு பியர்டட் டிராகன் குட்டியை வாங்க வைத்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓணான் அது. கோபம் வந்தால் தொண்டையை உப்பும், அந்த இடம் கறுத்து தாடி வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் 'சித்தர்' என்று பெயர் வைத்தான். பாட்டி அந்தப் பெயரை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, "சித்தர் சாப்பிட்டாராடா?" என்று மரியாதையோடுதான் கேட்பார்.

(இடையில் ஒரு வார்த்தை: உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக்கூடாதவை. "அழகா இருக்கே" என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

இப்போது என் பங்குக்கு வருகிறேன். பாலைவனப் பிராணி ஆயிற்றே, கண்ணாடித் தொட்டியில் வெறும் நியூஸ்பேப்பர் போட்டிருக்கிறானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பாலாற்றுக்குப் போய் ஒரு பை நிறைய மணல் அள்ளி, சலித்து, தொட்டியில் பரப்பினேன். பார்க்க அருமையாக இருந்தது. போட்டோகூட எடுத்தேன். அதே வாரம் சித்தப்பா கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, தொட்டிக்கு மேலிருந்த குண்டு பல்பைக் கழற்றி எல்இடி மாட்டினார். வெளிச்சம் முன்பைவிட ஜோராக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அது மார்கழி மாதம். மே மாதத்தில் நம் வேலூர், ஆம்பூர் பக்கம் இந்த ஓணானுக்கு விளக்கே வேண்டாம், நாமே வெந்துவிடுவோம். மார்கழி வேறு. சித்தர் கறுத்துப்போய் மூலையில் கிடந்தார். "குளிருக்குச் சோம்பல்" என்றாள் சித்தி. தம்பி பாவம், தெம்பு வரட்டும் என்று இன்னும் இரண்டு சிள்வண்டு சேர்த்துப் போட்டான். நம் வீடுகளில் எந்த நோய்க்கும் முதல் வைத்தியம் அதுதானே, இன்னொரு கரண்டி சோறு.

அதுதான் தப்பு. நாம் சாப்பிட்டதை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். ஓணானுக்கு எல்லாம் தலைகீழ். வெளியிலிருந்து சூட்டை வாங்கினால்தான் உள்ளே போனது செரிக்கும். குட்டி வெயில் காயும் கல் கிட்டத்தட்ட 40 டிகிரியாவது இருக்க வேண்டும், தொட்டியின் மறுமுனை 25-28 இருந்தால் போதும். அது இரண்டுக்கும் நடுவே போய் வந்து தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். சூடு இல்லையென்றால் குடல் அசைவு மந்தமாகிவிடும், தின்ற பூச்சி வயிற்றிலேயே கிடந்து அழுகும்.

ஒன்பது நாள் ஒன்றும் வெளியே வரவில்லை. வயிறு ஒரு பக்கம் புடைத்தது. பத்தாம் நாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பாட்டி விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்துவிட்டார், நாலு பிள்ளைகளைப் பேதி கொடுத்தே வளர்த்தவர். நல்லவேளையாக சித்தப்பா தடுத்தார். உள்ளூரில் ஒரு கால்நடை மருத்துவர், "தம்பி, நான் மாடு, ஆடு, நாய் பார்ப்பேன், இதைத் தொட்டுக் கெடுக்க விரும்பல" என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் அவருக்கு நன்றி.

மறுநாள் காலை ரயிலில் சென்னை. ஆம்பூராயிற்றே, சித்தர் பயணம் செய்தது ஓட்டை போட்ட ஒரு ஷூ பெட்டியில். பக்கத்தில் துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில். நான் காட்பாடியில் ஏறினேன். தம்பி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மணல் யார் போட்டது என்று அவனுக்குத் தெரியும்.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. ஆற்று மணல். நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அந்த அடைப்பு முதுகெலும்பு நரம்பை அழுத்தினால் கால் இழுக்குமாம். "பாலைவனம்னா மணல்னு யார் சொன்னது? இது வாழ்றது பெரும்பாலும் இறுகின மண்ணுல. வேலிக் கம்பத்து மேலயும் மரக்கட்டை மேலயும் ஏறி உட்காரும்" என்றார் டாக்டர். நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெயைப் பற்றிக் கேட்டதற்கு, வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். எனிமா கொடுத்தார், தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். வீட்டில் செய்ய வேண்டியது: தினமும் வெதுவெதுப்பான நீரில் தோள் வரை குளியல், சரியான சூடு, வெளியே போகும் வரை சாப்பாடு கிடையாது.

சாப்பாடு கிடையாது என்பதை பாட்டிக்குப் புரிய வைத்ததுதான் இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான பகுதி.

குண்டு பல்புக்கு அலைந்தோம். "இப்ப யாருங்க அதை வாங்குறா?" என்றார்கள் கடை கடையாக. கடைசியில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர் ஒருவரிடம் இரண்டு கிடைத்தன.

மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலாற்றை நம் தோல் தொழிற்சாலைக் கழிவு நாசமாக்கிய வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. கெடுதி நிரூபணமாகும் வரை காத்திருக்காதே என்பது அதன் சாரம். வேலூரில் குடியிருந்துகொண்டு, அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசும் வாங்கிய நான், அதே ஆற்றிலிருந்து ஒரு பை மணலை யோசிக்காமல் அள்ளி ஒரு குட்டியின் சாப்பாட்டு இடத்தில் கொட்டினேன்.

நாலாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு போன். தம்பி. அழுகைக் குரல். "அண்ணா, சித்தர் போயிட்டாருண்ணா!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "நான் போட்ட மணல்தான்டா, மன்னிச்சிருடா" என்றேன்.

"ஆமாண்ணா, மணல் மணலா போயிருக்காரு! டப்பு முழுக்க!"

தமிழில் 'போ' என்ற வினைச்சொல்லுக்கு இத்தனை அர்த்தம் வைத்தவரை அன்று நேரில் பார்த்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன் :-)

இப்போது தொட்டியில் பழையபடி நியூஸ்பேப்பர். குட்டி என்பதால் இன்னும் பூச்சிதான் பிரதானம், வளர்ந்த பிறகு கீரை காய்கறி அதிகமாகும். பூச்சி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு அதன் முகத்திலேயே அளவுகோல் இருக்கிறது: இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக்கூடாது. வயல் பூச்சிகளில் மருந்தும் ஒட்டுண்ணியும் இருக்கும் என்பதால் தம்பி முட்டை அட்டைகளுக்கு நடுவே சிள்வண்டை அவனே வளர்க்கிறான் (ராத்திரி சத்தத்தில் சித்தி தூங்குவதில்லை). அவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் கால்சியம் பவுடரில் புரட்டிப் போட வேண்டும். அந்தக் கால்சியம் உடம்பில் சேர புற ஊதா-பி கதிர் வேண்டும். கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோரம் வைத்துப் பயனில்லை. அதற்கென்று தனி விளக்கு வாங்கியாயிற்று. கால்சியம் குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, குடல் தசையும் சோர்ந்துபோகும். பாலக்கீரை அடிக்கடி கூடாது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பூசணித் துருவல் நல்லது.

பாட்டி தினமும் காலையில் செம்பருத்திப் பூ ஒன்றைப் பறித்து, சாமிக்கு வைப்பதற்கு முன்னாலேயே சித்தருக்குக் கொடுத்துவிடுகிறார். தம்பி என்னோடு பேசுகிறான். தொட்டியைத் தொட மட்டும் இன்னும் விடுவதில்லை.