யார் வீட்டை விக்கறீங்க?

அப்பா போய் ஒன்றரை வருடம் கழித்து ஃபேர்லேண்ட்ஸ் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தோம். ‘எடுத்தோம்’ என்று எழுதுகிறேன். உண்மையில் எடுத்தது நான். அம்மா “உன் இஷ்டம்” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. எதிர்வீடு ஸ்கேன் சென்டர் ஆகிவிட்டது, பக்கத்து வீடு கிளினிக். சாரதா கல்லூரி சாலைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், ஆட்கள் குடியிருக்கும் வீடுகளைவிட டாக்டர் போர்டுகள்தான் அதிகம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆம்புலன்ஸும் நாய்களும் மட்டும். விற்பதற்கான காரணங்களை நான் இப்படி அழகாக அடுக்கி வைத்திருந்தேன்.

புரோக்கர் விஷயத்தில் மட்டும் பயம் இருந்தது. அப்பா செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜார் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். “மண்டிக்காரன் கமிஷன் வாங்குறது தப்பில்ல. யார்கிட்ட இருந்து வாங்குறான், எவ்வளவு வாங்குறான்னு மூட்டை கொண்டு வந்தவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்பார். வீட்டுத் தரகில் அதுதான் தெரிவதில்லை. வாங்குபவரிடம் ஒரு பங்கு, விற்பவரிடம் ஒரு பங்கு. அப்புறம் அவர் யாருடைய ஆள்?

நான் கொஞ்சம் படித்தவன் என்பதால் முதலில் படித்துப் பார்த்தேன். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் பிளாட்டோ மனையோ விற்றுத் தருகிற ஏஜென்டுகள் அதன்படி பதிவு எண் வாங்க வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பழைய தனிவீட்டைக் கைமாற்றி விடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து போன் பேசுகிற யாரும் புரோக்கர்தான்.

லெவிட், சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றும் கண்ணில் பட்டது. சிகாகோ பகுதியில் ஏறத்தாழ 1 லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்குகிறார்கள். அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். இதற்கு சிகாகோ வரை போக வேண்டியதில்லை. 2 சதவீத கமிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் எனக்கு 5 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். அவருக்கு அதில் 10,000. அந்தப் பத்தாயிரத்துக்காக அவர் ஏன் இரண்டு மாதம் அலைய வேண்டும்?

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, ஏமாறவே கூடாது என்ற முடிவோடு ஊருக்கு வந்தேன்.

முதலில் வந்தவர் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று தெரு அகலத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த மாமரத்தைப் பார்த்தார். “கட்டடத்துக்கு வேல்யூ இல்ல தம்பி. இடிச்சிட்டு ஆஸ்பத்திரி கட்டுவாங்க. நீங்க உங்க நெட் ரேட்டை மட்டும் சொல்லுங்க, மேல வர்றது என் பாடு” என்றார். சின்னத் தொகை அட்வான்ஸ் தருவாராம், ஆறு மாத அக்ரிமென்ட் போடுவாராம், அதற்குள் ஆள் பிடித்துவிடுவாராம். ஆள் கிடைக்காவிட்டால் அவருக்குப் போவது அந்த அட்வான்ஸ், நமக்குப் போவது ஆறு மாதம். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சிரமமாக இல்லை.

இரண்டாமவரை எனக்குப் பிடித்தது. என் வயதுதான் இருக்கும். லேப்டாப்பில் அந்த ஏரியா வழிகாட்டி மதிப்பைக் காட்டினார். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம், அது வாங்குபவர் பொறுப்பு என்று விளக்கினார். நான் மனதில் வைத்திருந்த விலையைவிட 15 லட்சம் கூட்டிச் சொன்னார். “பாதி வெள்ளை, மீதி கேஷ்னா இன்னும் ஈஸியா நகரும் ப்ரோ” என்றார். அது மட்டும் உறுத்தியது. வீடு, மனை விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் போட முடியும் என்று படித்திருந்தேன். “கேஷ் வேணாம்” என்றேன். “உங்க விருப்பம் ப்ரோ” என்று உடனே ஒத்துக்கொண்டார்.

வாரிசுச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதில் மூன்று பெயர்கள். அம்மா, அக்கா, நான்.

“அக்கா?”

“நாமக்கல்ல கட்டிக் குடுத்திருக்கு. கோழிப்பண்ணை வச்சிருக்காங்க. நல்லா இருக்காங்க.”

“அப்ப பிரச்சனை இல்ல. கடைசியில ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கலாம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க.”

அந்த வாக்கியம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். நகை போட்டோம், சீர் செய்தோம், அவளுக்கு எதுவும் குறையில்லை என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததை வேறொருவர் நடைமுறை என்று சொல்லிவிட்டார். அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன்.

மூன்றாமவரை அனுப்பியது பால்காரர். அறுபது வயதுக்கு மேல், டிவிஎஸ் 50. வந்ததும் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பத்திரத்தைக் கேட்டார். 1986-ம் வருடக் கிரயப் பத்திரம், அப்பா பெயரில். பட்டாவும் இன்னும் அப்பா பெயரில்தான். நிதானமாகப் படித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவைப் பார்த்தார்.

“பாப்பா எங்கீங்க இருக்குது?”

“நாமக்கல்” என்றேன்.

“வீடு விக்கறது அதுக்குத் தெரியுமுங்களா?”

“சொல்லணும். கையெழுத்து நேரத்துல...”

“கையெழுத்து இருக்கட்டுமுங்க. தெரியுமான்னு கேட்டேன்.”

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அப்பா சுயமா சம்பாதிச்சு வாங்குன சொத்து, உயில் எழுதலை. அம்மாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு. மூணும் சமம். 1956-லயிருந்தே சட்டம் அதுதானுங்க. நகை போட்டதெல்லாம் இதுல கழியாது. வாங்குறவங்க வந்தா முதல் கேள்வி எங்கிட்ட கேப்பாங்க, யாரு யாரு விக்கறாங்கன்னு. நான் என்ன பதில் சொல்றது? யார் வீட்டை விக்கறீங்க?”

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். “அவளையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு நானும் நெனச்சுட்டேதான் இருந்தேன்” என்றார். அதுவரை அம்மாவிடம் நான் கேட்டதெல்லாம் எப்போது விற்கலாம் என்பதைத்தான்.

இந்தப் பெரியவர் சொன்ன விலை இரண்டாமவர் சொன்னதைவிட 20 லட்சம் குறைவு. “அந்தத் தெருவுல போன வருஷம் முடிஞ்சது இதுதானுங்க. மேல கேக்கலாம். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

அன்று ராத்திரி அக்காவுக்கு போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கோழி, முட்டை விலை என்று சுற்றினேன்.

“வீட்டு விஷயமாடா?” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மாமாவோட வாட்ஸப் குரூப்புல வந்துச்சு. ‘சேலம் ஃபேர்லேண்ட்ஸ், கிழக்குப் பார்த்த வீடு, நேரடி விற்பனை’ன்னு. முதல் போட்டோ நம்ம மாமரம். ரெண்டாவது என் ரூம்பு.”

இரண்டாமவர். நான் இன்னும் சரி என்றுகூடச் சொல்லாதபோதே விலையோடு போட்டுவிட்டிருக்கிறார்.

“எப்ப வந்துச்சு?”

“ஒம்போது நாளாச்சு. நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்.”

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்பது நாள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கிழக்குப் பார்த்த வீடு என்று தன் வீட்டைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்திருக்கிறாள்.

“எனக்குப் பணம் வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லிக்கிறேன். நீ முடிவு பண்ணாத” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இளைஞரை அழைத்து அந்தப் பதிவை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். ஆனால் அது அதற்குள் எத்தனை குரூப்புகளுக்குப் போயிருந்ததோ, அடுத்த மூன்று மாதம் வெவ்வேறு புரோக்கர்கள் வெவ்வேறு விலையில் அதே போட்டோவை எனக்கே அனுப்பினார்கள். அந்த உயர்ந்த விலைக்கு ஒருவர்கூட வரவில்லை. “ரொம்ப நாளா சுத்துற வீடாச்சே, ஏதாவது வில்லங்கமா?” என்று கேட்டவர்கள்தான் இருந்தார்கள்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள். பெரியவரிடம் அவள்தான் பேசினாள். கமிஷன் எங்கள் பக்கம் 1 சதவீதம், பத்திரம் பதிவான பிறகுதான். வாங்குபவரிடம் என்ன வாங்குகிறார் என்பதையும் எங்களிடம் சொல்ல வேண்டும். வீடு பார்க்க யார் வந்தாலும் முதல் நாளே அம்மாவுக்குத் தகவல். போட்டோ எதுவும் வெளியே போகக் கூடாது. நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சிகாகோவைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

முதலில் பட்டாவை மூன்று பேர் பெயருக்கும் மாற்றினோம். வில்லங்கச் சான்று எடுத்தோம். நான்கு மாதம் கழித்து ஒரு டாக்டர் தம்பதி வாங்கினார்கள். பெரியவர் சொன்ன விலையைவிட 4 லட்சம் கூடுதல், இளைஞர் சொன்னதைவிட 16 லட்சம் குறைவு. மூன்று பான் கார்டு, மூன்று டிடி. வாங்கியவர்கள் பிடிக்க வேண்டிய 1 சதவீத வரியையும் மூன்றாகப் பிரித்துக் கட்டினார்கள்.

புரோக்கரை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று ஆபீஸில் ஒரு நண்பன் கேட்டான், அவனும் ஊரில் வீட்டை விற்கப் போகிறானாம். எத்தனை சதவீதம், அக்ரிமென்ட்டில் என்ன பார்க்கணும் என்று எல்லாம் சொன்னேன். கடைசியில், “உனக்கு எந்த புரோக்கரைப் பிடிச்சிருக்கோ, ஏன் பிடிச்சிருக்குன்னு ஒரு தடவை யோசிச்சிக்கோ” என்றேன். அவனுக்கு இரண்டு தங்கைகள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையில் நின்றோம். அம்மா, அப்புறம் அக்கா, அப்புறம் நான். கைரேகை இயந்திரத்தில் அக்காவின் கட்டைவிரல் முதல் தடவை பதியவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வெளியே வந்ததும் பெரியவரிடம், “அந்த மாமரத்தை வெட்டுவாங்களாங்க?” என்று கேட்டாள்.

“வெட்டுவாங்க பாப்பா” என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். அதற்கும் அவர் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.