பிழைப் பதிவேடு

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு நம் சகோதரியின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கணினி நிரல் எழுதுவது அவன் தொழில். அவன் பையில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றிருந்தது. கணினியோடு வாழ்பவன் கையால் எழுதுவானேன் என்று வியந்து, அவன் இசைவோடு புரட்டினோம். முழுவதும் அவனுடைய தவறுகள்! நாள், பிழை, காரணம், திருத்திய நாள் என நான்கு பத்திகள்.

முதற் பதிவு 2024 பிப்ரவரி 29. ஓராண்டுத் தவணையின் இறுதி நாளைக் கணக்கிட, ஆண்டின் எண்ணோடு ஒன்றைக் கூட்டும்படி எழுதியிருக்கிறான். 2025இல் அப்படியொரு தேதியே இல்லை, நிரல் நின்றுவிட்டது. தவறு தன்னுடையதென்று சொல்ல நாவெழாமல், விடியும்வரை பிறரோடு சேர்ந்து தானும் தேடுவதுபோல் இருந்தானாம்.

"வேலையை விட்டுவிடலாமென்றுகூட நினைத்தேன், மாமா."

காலையில் அவன் ஒப்புக்கொண்டபோது மூத்த பொறியாளர் கடிந்துகொள்ளவில்லை. நடந்ததை எழுதச் சொன்னார். 2012இல் இதே பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவை இதே பிழையால் முடங்கியதையும், காரணத்தை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டதையும் காட்டினார். முன்னரே படித்திருந்தால் பதிவேட்டில் ஒன்று குறைந்திருக்கும்!

அவர் படிக்கத் தந்த மற்றொன்று டொனால்ட் க்னூத்தின் கட்டுரை. நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் 'டெக்' என்னும் நிரலை ஆக்கியவர் அவர். 1978 முதல் பத்தாண்டுகள் அதில் தாம் செய்த திருத்தங்களை ஒன்று விடாமல் குறித்து, 850க்கு மேற்பட்ட அவற்றை 15 வகையாகப் பிரித்து, 1989இல் உலகறிய அச்சிட்டார். மறதி ஒரு வகை, எழுத்துப் பிழை ஒரு வகை, எதிர்பாரா நேர்வு ஒரு வகை. பிழை காட்டுவோருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலையும் அனுப்பினார். பெற்றவர் பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனராம்.

மருமகனும் தன் பிழைகளை வகைப்படுத்தினான். பாதிக்குமேல் மாதக் கடைசி, வெற்றுப் பட்டியல், பூஜ்யம் போன்ற எல்லைகளில் நேர்ந்தவை. அதன்பின், நிரலுக்கு முன்னே அதற்கான சோதனைகளை எழுதும் வழக்கத்தை மேற்கொண்டான். புதிதாக வருவோரிடம் அந்த நோட்டையே படிக்கத் தருகிறான்.

அரபுக் கையெழுத்துப் படிகளில், விடுபட்ட சொல்லை ஓரத்தில் எழுதி 'ஸஹ்ஹ' என்று குறியிடும் வழக்கை மாணவர்க்கு நாம் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறோம். சொன்னோமேயன்றிச் செய்தோமா?

ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுகளுக்கு முன், 'அஷ்யா' என்னும் பன்மைச் சொல்லை 'அஸ்மா'வைப் போன்றதென்று எண்ணித் தன்வீன் இட்டுக் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாத், ஓதும்போது அச்சொல்லுக்குத் தன்வீன் வருவதில்லையே?" என்றான். "உட்கார்" என்றோம். அன்றிரவே கிதாபைப் புரட்டினோம். அவன் சொன்னதே சரி. இலக்கண அறிஞர்களே நெடிது வாதிட்ட சொல்தான், தடுமாறியது பெருங்குற்றமன்று. ஆனால் மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் அடுத்த பாடத்தைத் தொடங்கினோம். அம்மாணவன் அவ்வாண்டு முழுதும் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

இதை மருமகனிடம் சொல்லி, "உங்கள் வகைகளில் இஃது எதில் சேரும்?" என்றோம்.

சற்று யோசித்தான். "தன்வீன் இட்டது ஒன்று, 'உட்கார்' என்றது ஒன்று. இரண்டாகப் பதியுங்கள், மாமா."

ஒரு நோட்டு வாங்கி நான்கு பத்திகளுக்குக் கோடிட்டோம். முதற் பதிவில் திருத்திய நாளை எழுத முடிந்தது. அடுத்த ஆண்டு மாணவர்க்குச் சரியாகவே கற்பித்தோம். இரண்டாவதில் அவ்விடம் வெறுமையாக இருக்கிறது. அம்மாணவன் இப்போது குவைத்தில் இருப்பதாகக் கேள்வி. தொலைபேசி எண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.