புது மதர்போர்டில் பழைய டெபியன்

வெள்ளி, இரவு

நாளை மதர்போர்டு, சிபியு, ராம் மூன்றையும் மாற்றுகிறேன். இன்டெல் ஐ5-4570 போய் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி வருகிறது. பழைய ராம் டிடிஆர்3, புது போர்டில் ஏறாது. மிஞ்சுவது கேபினெட், பவர் சப்ளை, டெபியன் 12 இருக்கும் எஸ்எஸ்டி. ரிச்சி தெருக் கடையில் "ஓஎஸ் புதுசா போட்டுத் தரவா சார்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், நானே எழுதிய ஸ்கிரிப்டுகள் என்று வருடக்கணக்கில் சேர்ந்ததெல்லாம் அந்த வட்டில் இருக்கிறது. அதைக் கலைத்து மறுபடி அடுக்க எந்த அவசியமும் இல்லை.

லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எதிரே என்ன வன்பொருள் இருக்கிறது என்று புதிதாக விசாரிக்கிறது. பிசிஐ சாதனங்கள் தங்கள் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லும். பொருந்துகிற மாட்யூலை யுடெவ் ஏற்றும். அதனால் கெர்னலைப் பற்றிக் கவலையில்லை. பழைய இயந்திரத்தைப் பார்த்து எங்கெல்லாம் எதையாவது எழுதிவைத்திருக்கிறோமோ, அங்கேதான் இடறும். இன்றைய வேலை அந்த இடங்களைத் தேடியதுதான்.

எஃப்எஸ்டேப்பில் பகிர்வுகள் யுயுஐடி எண்ணால் குறிக்கப்பட்டிருக்கின்றன. வட்டை எந்த சாட்டா போர்ட்டில் செருகினாலும் சரி. இனிட்ராம்எஃப்எஸ்ஸும் கவலை தரவில்லை. டெபியன் அதில் பெரும்பாலான வட்டு டிரைவர்களைச் சேர்த்தே கட்டுகிறது. ஃபெடோரா, ஆர்ச் இரண்டிலும் இருக்கிற இயந்திரத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துச் சுருக்குவது வழக்கம். அங்கே கிளம்பும் முன்பே முழுதாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நேரம் எடுத்தது பூட்லோடர். யுஇஎஃப்ஐயில் பூட் பட்டியல் இருப்பது வட்டில் அல்ல, மதர்போர்டின் என்விராமில். 'டெபியன்' என்ற வரி பழைய போர்டோடு போய்விடும். பட்டியல் காலியான போர்டு, இஎஃப்ஐ பகிர்வில் 'பூட்' என்ற அடைவுக்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேடும். டெபியன் நிறுவி நாம் கேட்டாலொழிய அங்கே எதையும் வைப்பதில்லை. கிரப்-இன்ஸ்டாலை 'ஃபோர்ஸ் எக்ஸ்ட்ரா ரிமூவபிள்' தெரிவோடு ஓட்டினேன். பிரதி அங்கே வந்துவிட்டது. கூடவே ஏஎம்டி மைக்ரோகோடு, ஏஎம்டி கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் இரண்டையும் நிறுவினேன். இரண்டாவது இல்லாவிட்டால் நாளை டெஸ்க்டாப் ஒழுங்காக வராது. கடைசியாக முழு பேக்கப்.

சனி, மாலை

தெர்மல் பேஸ்ட், திருகுகள், கேபிள்கள். காலை அதிலேயே கழிந்தது.

பவர் பட்டனை அழுத்தினேன். கிரப் மெனு வந்தது, பிறகு லாகின் திரை, பழைய வால்பேப்பர். எடிட்டரைத் திறந்து 'வணக்கம்' என்று தட்டினேன், தமிழிலேயே விழுந்தது. உண்மையாகவே மனம் நெகிழ்ந்துவிட்டது. உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் யார் நன்றி சொல்கிறார்கள்?

நெட் மட்டும் வரவில்லை; எதிர்பார்த்ததுதான். பழைய கார்டின் பெயர் இஎன்பி3எஸ்0. 'இஎன்' என்றால் ஈதர்நெட், 'பி3' மூன்றாவது பிசிஐ பஸ், 'எஸ்0' அதில் ஸ்லாட் பூஜ்யம். புது போர்டில் அதே வகைக் கார்டு ஆறாவது பஸ்ஸில் இருப்பதால் பெயர் இஎன்பி6எஸ்0. நிலையான ஐபி முகவரியைப் பழைய பெயரில் எழுதியிருந்ததால் யாரும் அதை எழுப்பவில்லை. 2013இல் சிஸ்டம்டி இந்தப் பெயர்முறையைக் கொண்டுவந்தது, இரண்டு கார்டு உள்ள இயந்திரங்களில் ஈத்0, ஈத்1 இரண்டும் இடம் மாறிக்கொள்வதைத் தடுக்க. நோக்கம் நல்லது. ஆனால் ஒரே கார்டு வைத்திருக்கும் வீட்டுக் கணினிக்கு அது இடைஞ்சல் என்பதே என் கட்சி. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு செருகினாலே பஸ் எண் நகர்ந்துவிடக்கூடும். மேக் முகவரியை வைத்து 'லேன்0' என்று நானே பெயர் கொடுத்து ஒரு லிங்க் கோப்பு எழுதிவிட்டேன். அடுத்த போர்டு வரும்போது அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். ரௌட்டரிலும் புது மேக் முகவரியைப் பதிந்தாயிற்று.

ஞாயிறு

ஜர்னல்சிடிஎல்லில் பூட் பட்டியலைப் பார்த்தேன். நேற்றுக் காலை வரை ஒவ்வொரு பூட்டின் தொடக்கத்திலும் இன்டெல் பெயர். அதற்கு அடுத்த பூட்டில் ரைசன். நடுவில் முறிவே இல்லை, ஒரே இயந்திரத்தின் பதிவேடாக ஓடுகிறது. காரணம் 'மெஷின்-ஐடி' என்ற கோப்பு. பெயர்தான் மெஷின், உள்ளே இருக்கும் 32 எழுத்து எண், டெபியனை நிறுவிய அன்று தற்செயலாக உருவாக்கப்பட்டது. சிபியுவோடும் போர்டோடும் அதற்குச் சம்பந்தமே இல்லை. தான் யார் என்று இந்த அமைப்பு வட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறது.

மதியம் ஒரு மிச்சம் அகப்பட்டது. கேவிஎம்மில் நான் வைத்திருக்கும் விர்ச்சுவல் மெஷின் எழ மறுத்தது. அதன் அமைப்புக் கோப்பில் சிபியு மாடல், பழைய இன்டெல் சிபியுவின் தலைமுறையான 'ஹாஸ்வெல்' என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தது. அந்த மாடல் கேட்கும் சில வசதிகள் ரைசனில் கிடையாது. 'ஹோஸ்ட்-மாடல்' என்று மாற்றியதும் எழுந்தது. இன்டெல் மைக்ரோகோடையும் நீக்கிவிட்டேன். வெப்பநிலை காட்டும் ஸ்கிரிப்டில் கோர்டெம்ப் இருந்த இடத்தில் கே10டெம்ப் போட வேண்டும், அது நாளைக்கு.