சவுக்கு வேலி

ஆவடிப் பக்கம் மனை வாங்கியதும் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிடுகிறோம். எங்கள் பட்டாபிராம் தோட்டத்துக்கு நான் சவுக்குக் கழிதான் போட்டேன். நட்ட மரம் முதலில் அழுகுவது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாணில். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். அதனால் பட்டை உரித்து, நன்றாகக் காயவைத்து, அந்த இடத்தில் மேலும் கீழுமாகத் தார் பூசி, இரண்டடி ஆழத்தில் நட்டோம். குழியில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையால் இடித்து இறுக்கணும். வேலியின் உயிரே அதில்தான். குறுக்குக் கழி இரண்டு வரிசை, கட்டுக்கம்பி முறுக்கு. இடையிடையே கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறேன். சவுக்கு உளுத்துப்போவதற்குள் அது வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். ஓணானுக்கும் தேன்சிட்டுக்கும் இடம் கிடைக்கும். மனை வைத்திருப்பவர்களே, ஒரு பக்கமாவது இப்படிப் போட்டுப் பாருங்கள்.