உழவனின் சொல்

பிரெஞ்சு நாட்டுச் சிற்றூரில் உழவன் ஏர் பூட்டி நிலத்தைக் கீறுவதை ‘லபுரே’ என்னும் வினையால் குறிப்பர். ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலிக்குள் சென்றால், அதே சொல் ‘லவொராரே’ என ஒலிக்கும். ஆனால், அங்கு அதற்குப் பொருள் உழுதல் அன்று. வேலை செய்தல் என்பதே. தச்சர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி ஆகிய அனைவர் தொழிலுக்கும் அவ்வொரு சொல்லே போதும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் வயலுக்கு உரியவனாகவும், மற்றவன் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவனாகவும் ஆனது எங்ஙனம்?

தாய், உரோமர் பேசிய இலத்தீன் மொழியின் ‘லபோராரே’ என்னும் சொல்லாகும். அதற்கு அடியாகிய ‘லபோர்’ வெறும் வேலையை மட்டும் குறித்ததன்று. உடல் நோகப் படும் பாடு, களைப்பு, துன்பம் ஆகிய யாவும் அதனுள் அடங்கின. நோயால் வருந்துவதையும் அச்சொல்லால் சுட்டினர். கிரகணத்தின்போது திங்கள் படும் பாட்டைக்கூடப் புலவர் வெர்கில் இச்சொல்லால் குறித்தார். உழுதலுக்கோ உரோமரிடம் ‘அராரே’ என்னும் தனிச்சொல் இருந்தது. ஆதலின், தொடக்கத்தில் ‘லபோராரே’க்கும் கலப்பைக்கும் தனித்த உறவு ஒன்றும் இல்லை.

கி.பி. 476இல் மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்தது. அதன்பின் இலத்தீன் நாட்டுக்கு நாடு திரிந்து, பல சேய்மொழிகளாகப் பிரிந்தது. அக்காலத்தில் மக்களுள் மிகப் பெரும்பாலோர் நிலத்தையே நம்பி வாழ்ந்தனர். பிரான்சிலுள்ள லான் நகரத்து ஆயர் அடல்பெரோ, 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய பாட்டு ஒன்றில், மக்களை வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூவகையாகப் பகுத்தார். உழைப்போர் எனப்பட்டவர் பெரும்பாலும் வயலில் நின்றவரே. வட பிரான்சின் மண்ணோ ஈரம் செறிந்த கனத்த மண். அதைப் புரட்டச் சக்கரம் பூட்டிய பெருங்கலப்பையும், அதை இழுக்கப் பல எருதுகளும் வேண்டியிருந்தன. பாடு என்றாலே ஏர் நடத்தும் பாடு என்று அம்மக்களின் வாய்க்குப் பழகிவிட்டதில் வியப்பென்ன? ‘அராரே’யின் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல் மெல்ல ஒதுங்கியது; ‘லபுரே’ அதன் இடத்தில் அமர்ந்தது. ரோசா பொனேர் என்னும் பெண் ஓவியர் 1849இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தின் தலைப்பிலும் இச்சொல்லே நிற்கிறது. அதில் பன்னிரண்டு எருதுகள் ஈரமண்ணைக் கீறிச் செல்கின்றன.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சுச் சிற்றூர்களில், இவ்வினையின் வழிவந்த உழவன் என்னும் பெயர் எல்லாக் குடியானவர்க்கும் கிடைத்ததன்று. சொந்தமாக ஏரும் உழவுமாடும் உடையவனையே பெரும்பாலும் அப்பெயரால் அழைத்தனர். இரு கைகளையன்றி வேறு உடைமை இல்லாத கூலியாளுக்குக் ‘கையால் வேலை செய்பவன்’ என்னும் வேறு பெயரே வாய்த்தது. துன்பத்தைக் குறித்துப் பிறந்த சொல், துன்பம் மிகுதியாகப் பட்டவனைக் கைவிட்டு, எருது உடையவனைச் சென்று சேர்ந்தது!

ஸ்பெயினில் அச்சொல் ‘லப்ரார்’ ஆயிற்று. நிலத்தை உழுதலோடு கல்லையும் மரத்தையும் செதுக்குதலும் அதற்குப் பொருளாயின. போர்த்துகலில் ‘லவ்ரார்’ என்பது உழுதலைக் குறிப்பதோடு, பத்திரம் எழுதிப் பதிவுசெய்வதையும் குறிக்கும். எழுத்தறியாத உழவனின் சொல் பதிவாளரின் மேசைமீது ஏறி அமர்ந்த விந்தை இது.

பொதுச்சொல் வயலுக்குப் போய்விட்டபின், பிரெஞ்சு மக்கள் மற்ற வேலைகளை என்ன சொல்லால் குறித்தனர்? ‘திரவாயே’ என்றனர். இது ‘திரிபாலியம்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்று அறிஞர் பலர் கொள்வர். திரிபாலியம் என்பது மூன்று கழிகளால் ஆகிய வதைக்கருவி. ருமேனிய மொழியில் வேலையைக் குறிக்கும் ‘முன்கா’ என்பதோ ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த சொல். அதற்கும் பழம்பொருள் வதையே. ஒன்றையொன்று பாராத இரு நாட்டு மக்கள் வேலைக்குப் பெயரிடும்போது ஒரே வேதனையை நினைந்தனர் போலும்.

இலத்தீன் சொல் பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்தில் ‘லேபர்’ ஆயிற்று. பள்ளி ஆய்வுக்கூடத்தை மாணவர் ‘லேப்’ என்று சுருக்கி அழைக்கின்றனரே, அதன் முழுவடிவாகிய ‘லேபரட்டரி’யும் இவ்வேரில் முளைத்ததே.

இச்சொல் கடலும் கடந்தது. அசோர்சுத் தீவில் வாழ்ந்த ஜொவான் பெர்னாண்டசு என்பார் நிலமுடைய வேளாளர். ஆதலின், அவர் பெயரோடு உழவர் என்னும் பொருளுடைய ‘லவ்ரடோர்’ என்னும் சொல்லும் சேர்ந்து வழங்கியது. புதிய நிலங்களைத் தேடிக் கண்டறியும் உரிமையைப் போர்த்துகல் மன்னர் முதலாம் மனுவேல் 1499இல் அவருக்கு அளித்தார். நிலப்படம் வரைந்தோர் அவர் பட்டத்தை முதலில் கிரீன்லாந்தின்மீது பொறித்தனர். பின்னர் அது இடம் மாறி, இன்றைய கனடாவின் கீழைக் கரையில் ‘லாப்ரடார்’ என நிலைத்தது. நெடுங்குளிரும் பாறையும் நிறைந்த நிலம் அது. அங்குக் கொழு இறங்க இடம் காண்பது அரிது. ஆயினும், அதன் பெயர் உழவன். அப்பெயரை அந்நிலத்திடமிருந்து நாயினம் ஒன்றும் பெற்றுக்கொண்டது. ஏரையே கண்டிராத நகரத்து வீடுகளில் அது வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது.